கதவில் தொங்கும் சிவப்புத் துண்டு

என் கணவர் சபதம் எடுப்பதென்றால் உயரமான இடத்தில் ஏறி நின்றுதான் எடுப்பார். அன்று முக்காலி மேல் நின்றிருந்தார். கையில் ஒரு கட்டுப் புத்தகம். பரண் ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டை உள்ளே திணித்தபடியே, கீழே நின்ற எனக்கும் மேலே இருந்த பல்லிக்கும் பொதுவாக அறிவித்தார்.

"என் உடம்புல உயிர் இருக்கிற வரைக்கும் என் பதிப்பகம் காகிதத்துலதான் புத்தகம் போடும்."

இந்தப் பக்கம் திணித்ததில் அந்தப் பக்கமிருந்து இன்னொரு கட்டு நழுவி, அவர் தோளை உரசிக்கொண்டு தரையில் விழுந்தது. இவர் ஆசையாக வெளியிட்ட கவிதைத் தொகுப்பு. அச்சாகி வந்த நாளிலிருந்து அது ஓர் அங்குலம் நகர்ந்தது அப்போதுதான்.

"பரவாயில்லையே, போக ஆரம்பிச்சிடுச்சு" என்றேன்.

இவர் பதிப்பாளர். இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் வாடகை அறை, அதுதான் அலுவலகம். வீடுதான் கிடங்கு. கட்டிலுக்குக் கீழே சிறுகதைகள், பீரோ மேல் வாழ்க்கை வரலாறுகள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் சோபாவில் உட்கார்வதாக நினைத்துக்கொண்டு உட்கார்வது, பொருளாதாரக் கட்டுரைகள் மேல் விரிப்புப் போட்ட ஓர் அடுக்கில். தொட்டால் ஆடும். பொருளாதாரம் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

ஒரு காலத்தில் நூலகங்கள் வாங்கின, கடைகள் வாங்கின, நான்கு பேர் கடன் வாங்கியாவது படித்தார்கள். பிறகு காலம் மாறியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இவர் ஒரு முக்காலியில் ஏறினார். மின்நூல் வந்தது; விளக்கை அணைத்தால் காணாமல் போகிறது புத்தகமா என்று கேட்டு ஏறினார். எத்தனை பேர் கேட்கிறார்களோ அத்தனை பிரதி மட்டும் அச்சடிக்கலாம் என்றார்கள். நான் என்ன ஜெராக்ஸ் கடையா வைத்திருக்கிறேன் என்று கேட்டு ஏறினார். எழுத்தாளர்கள் கேமரா முன்னால் ஆடிப் பாடிப் புத்தகத்தை விற்க ஆரம்பித்தார்கள். அதற்கு மட்டும் ஏறவில்லை. அப்போது முக்காலியில் ஒரு கால் உடைந்திருந்தது.

இப்போது ஏறியிருப்பது ஒலிப்புத்தகத்துக்கு எதிராக. காரணம் முடிச்சு சார்.

முடிச்சு சார் துப்பறியும் நாவல் எழுதுகிறவர். ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசியிலும் ஒரு முடிச்சுப் போடுவார் என்பதால் நான் வைத்த பெயர். பக்கத்துக்குப் பக்கம் கொலை செய்கிற மனிதர், நேரில் பார்த்தால் தண்ணீர் கேட்பதற்குக்கூட மன்னிப்புக் கேட்பார். எங்கள் பதிப்பகத்தில் விற்கிற ஒரே எழுத்தாளர் அவர்தான். மற்ற எல்லோரையும் அவருடைய பிணங்கள்தான் தூக்கிச் சுமந்துகொண்டிருந்தன. ஒலிப்புத்தக நிறுவனம் ஒன்று அவரைக் கூப்பிட்டிருந்தது. எல்லா நாவல்களையும் கொடுங்கள், அச்சுப் புத்தகத்தையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றிருந்தது. நம் பதிப்பகமே குரலிலும் கொண்டுவந்தால் இங்கேயே இருந்துவிடுகிறேன், இல்லாவிட்டால் போக வேண்டியிருக்கும் என்று அவர் போனில் தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தார்.

அவர் போனால் என்ன ஆகும்? பதிப்பகத்தை மூட வேண்டும். மூடினால் என்ன ஆகும்? இலக்கியத்துக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு என்ன ஆகும் என்று தெரியும். இவர் வீட்டில் இருப்பார்.

காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. தினமும்.

அது எப்படி இருக்கும் என்பதற்கு எனக்கு முன்னனுபவம் உண்டு. அலுவலகத்துக்கு வெள்ளையடித்த வாரம் இவர் வீட்டில்தான் இருந்தார். சமையலறை டப்பாக்களை எல்லாம் அகர வரிசையில் அடுக்கினார். 'சர்க்கரை' என்று எழுதி ஒட்டுவதா 'சீனி' என்று ஒட்டுவதா என்று அரை நாள் யோசித்துவிட்டு, இரண்டையும் எழுதி நடுவில் ஒரு சாய்கோடு போட்டார். நான் குழாயைத் திறந்தால் பின்னால் வந்து நின்று, இவ்வளவு தண்ணீர் எதற்கு என்றார். மூடினால், ஏன் மூடினாய் என்றார். வெள்ளையடித்தவர் வேலை முடிந்து கூலி வாங்க வந்த அன்று அவருக்கு நான் வைத்த கும்பிடை இன்றுவரை அவர் மறந்திருக்க மாட்டார்.

ஆகவே நானும் ஒரு முடிவெடுத்தேன். முக்காலி எதுவும் தேவைப்படவில்லை. முடிச்சு சாரை விடக்கூடாது. பதிப்பகத்தை மூட விடக்கூடாது. இந்த மனிதர் தினமும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியாக வேண்டும்.

மறுநாள் முடிச்சு சார் நேரிலேயே வந்தார். பொருளாதாரத்தின் மேல் நுனியில் உட்கார்ந்தார். பஸ்ஸில் கேட்கிறார்கள், நடைப்பயிற்சியில் கேட்கிறார்கள், பாத்திரம் கழுவும்போது கேட்கிறார்கள் என்று அவர் எடுத்துச் சொன்னார்.

"காதால படிக்கிறதுக்குப் பேரு படிப்பா சார்? அதுக்குப் பேரு ஒட்டுக்கேட்கிறது" என்றார் இவர்.

"ஒட்டுக்கேட்டாலும் கேட்கிறாங்களே சார். கண்ணால யாரும் பார்க்கிறதே இல்லையே."

நான் காபியோடு நடுவில் போனேன். இவர் முகத்தைப் பார்த்தேன். திடீரென்று கனிந்திருந்தது. சரி சார், உங்களுக்காக ஒன்று செய்கிறேன், புது நாவலின் முதல் அத்தியாயத்தை மட்டும் பதிவு செய்து அனுப்புகிறேன், பிடித்தால் எல்லாவற்றையும் குரலில் கொண்டுவரலாம், பிடிக்காவிட்டால் இந்தப் பேச்சையே இனி எடுக்கக்கூடாது, என்னோடு காகிதத்திலேயே இருந்துவிட வேண்டும் என்றார். முடிச்சு சார் வாக்குக் கொடுத்தார். சந்தோஷமாகப் போனார்.

இவருக்கு என்ன ஆயிற்று? கல்யாணமான நாளிலிருந்து இவர் எதற்கும் உடனே சரி என்று சொன்னதில்லை.

விடை அரை மணி நேரத்தில் கிடைத்தது. இவர் ரகசியம் பேச வேண்டுமென்றால் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு போன் பேசுவார். வெளியே கேட்காதாம். குளியலறை ஜன்னல் சமையலறைப் பக்கம் திறக்கிறது என்பது இந்த வீட்டில் இவர் ஒருவருக்குத்தான் தெரியாது. அதோடு, தண்ணீர்ச் சத்தத்தை மீறிப் பேச வேண்டியிருப்பதால் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசுவார்.

பேசியது புத்தகங்களுக்கு அட்டை கட்டிக் கொடுக்கும் பைண்டரிடம்.

"யாரை வச்சுப் படிக்கச் சொல்லப் போறேன் தெரியுமா? எங்க வீட்டம்மாவை. அந்தக் குரலை ஒரு அத்தியாயம் கேட்டாருன்னா மனுஷன் காதுல பஞ்சு வச்சுக்கிட்டு காகிதம் காகிதம்னு ஓடி வருவாரு. நான் எத்தனை வருஷமா கேட்கிறேன்."

நான் அடுப்பை அணைத்தேன்.

இவர் இதை எதற்குச் சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் பிழை திருத்தும் முறை ஒன்று உண்டு. மூலத்தை நான் உரக்கப் படிப்பேன். அச்சுப் பிரதியை இவர் சிவப்பு மையோடு பார்த்துக்கொண்டே வருவார். எழுத்து மட்டுமல்ல, குறிகளையும் சொல்ல வேண்டும். "அவன் திரும்பினான் கமா கதவு திறந்திருந்தது புள்ளி புது பாரா" என்று படிப்பேன். படிக்கும்போது எனக்குத் தோன்றுவதையும் நடுவில் சொல்லிவிடுவேன். கதவை ஏன் திறந்து வைத்தாள் இந்தப் பெண், வீட்டில் நகை இருக்கிறதல்லவா, புத்தி வேண்டாமா, கேள்விக்குறி. கதையில் கேள்விக்குறி இல்லையே என்று இவர் தேடுவார். அது என்னுடையது என்பேன். இப்படித்தான் பதிப்பகத்தின் ஒவ்வொரு புத்தகமும் என் தொண்டை வழியாக வெளியே போயிருக்கிறது. சம்பளம் கிடையாது. பெயர் கிடையாது. இப்போது பஞ்சு.

இவருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் படித்தவள். அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் வாய் திறக்கக்கூடாது. ஒருத்தி நடுவில் நின்று புத்தகம் வாசிப்பாள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும். அந்த ஒருத்தி நான். கடைசி வரிசையில் தட்டைக் கழுவுகிறவளுக்கும் கேட்க வேண்டும், அவள் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும் என்பது சிஸ்டரின் உத்தரவு. குழாய்த் தண்ணீர் ஓட ஓடத் தட்டைப் பிடித்தபடி நிற்க வைத்திருக்கிறேன். கை வேலையாக இருக்கிறவளைக் காதால் கட்டிப்போடுவது எப்படி என்று எனக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாயங்காலம் இவரே காபி போட்டுக் கொண்டுவந்தார்.

"உன் குரல் எவ்வளவு இனிமைன்னு நான் உன்கிட்ட சொன்னதே இல்லல்ல?"

"இல்ல."

"சொல்லியிருக்கணும்."

"சர்க்கரையும் போட்டிருக்கணும். சாய்கோடு சீனி."

இவர் அசரவில்லை. முடிச்சு சாரின் முதல் அத்தியாயத்தை நான்தான் படிக்க வேண்டும் என்றார். எப்போதும் படிக்கிற மாதிரியே படித்தால் போதும், எதையும் மாற்ற வேண்டாம் என்றார்.

"கமா, புள்ளியெல்லாம்?"

"கண்டிப்பா. அதுதானே உன் தனித்தன்மை."

"நடுவுல எனக்குத் தோணுறது?"

"தோணுறதையெல்லாம் சொல்லும்மா. ஒண்ணையும் அடக்கிக்காத."

இப்படி ஒரு வாக்கியத்தை ஒரு கணவர் வாயிலிருந்து கேட்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லி, மூன்றாவது தடவை சரி என்றேன்.

உள் அறையைப் பதிவுக்குத் தயார் செய்தோம். வெறும் சுவர் எதிரொலித்தது. தடிமனாக எதையாவது அடுக்கினால் எதிரொலிக்காது என்று எங்கோ படித்ததை இவர் சொன்னார். தடிமனாக எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. நாலு சுவரையும் ஒட்டிக் கட்டுகளை அடுக்கினோம். கட்டில் அடி காலியானது. பரண் காலியானது. கவிதைத் தொகுப்பு வடக்குச் சுவர் முழுக்க ஏறியது. கை தட்டிப் பார்த்தேன். ஓசையே இல்லை. அந்தத் தொகுப்புக்குக் கிடைத்த வரவேற்பு அப்படியே இருந்தது.

என் போனைக் கட்டின் மேல் நிறுத்தி, இவர் விரல் காட்டினார். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். சாப்பாட்டுக் கூடத்தின் கடைசி வரிசையை நினைத்துக்கொண்டேன். படித்தேன்.

இவர் சொன்ன ஒன்றையும் மீறவில்லை. கமா சொன்னேன். புள்ளி சொன்னேன். "அவர் தேநீரை எடுத்தார் கமா குடித்தார் கமா சாய்ந்தார் புள்ளி" என்று நான் சொன்ன புள்ளியில் ஒரு மனிதர் நிஜமாகவே செத்திருப்பார். தோன்றியதையும் சொன்னேன். நாவலில் மூன்று பக்கத்துக்கு மழை வர்ணனை வந்தது. "இங்கே ஆசிரியர் நிறைய மழை பெய்ய விடுகிறார், நமக்கு அடுப்பில் வேலை இருக்கிறது, மழை பெய்தது புள்ளி" என்று தாண்டிப் போனேன். கடைசியில் கதையில் இல்லாத ஒன்றைச் சேர்த்தேன். "புருஷன் செத்துக் கிடக்கிறான், அந்த அம்மா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். எந்த வீட்டில் பிணம் எடுக்கும் முன்னால் கோப்பையைக் கழுவுவார்கள்? யோசித்து வையுங்கள். அடுத்த அத்தியாயத்தில் பேசுவோம்."

இவர் சுவரோடு சாய்ந்து, சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். வெற்றிச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

முடிச்சு சாருக்கு மறுநாள் காலையில் அனுப்பலாம் என்று சொல்லிவிட்டு இவர் நடையைக் கட்டினார். இவர் தெரு திரும்பும் முன்பே நான் அனுப்பிவிட்டேன். முடிச்சு சாருக்கு இல்லை. அவர் மனைவிக்கு.

புத்தக வெளியீட்டு விழாக்களில் முதல் வரிசையில் எழுத்தாளர் மனைவியும் பதிப்பாளர் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கப்படுவார்கள். அந்த அம்மாவும் நானும் அப்படித்தான் சிநேகிதமானோம், சேர்ந்து கொட்டாவி விட்டு. கணவர் எழுதிய ஒரு நாவலையும் அவர் முதல் பக்கம் தாண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். எங்கே நேரம், உட்கார்ந்தால்தானே படிப்பதற்கு என்பார். இஸ்திரி போடும்போது கேளுங்கள் என்று மட்டும் அனுப்பினேன்.

இவர் நினைத்தது, தீர்ப்புச் சொல்லப் போகிறவர் எழுத்தாளர் என்று. எழுத்தாளர் வீட்டில் தீர்ப்பு யார் சொல்வார்கள் என்று ஒரு பதிப்பாளருக்குத் தெரியவில்லை என்றால் புத்தகம் எப்படிப் போகும்?

மறுநாள் காலையில் இவர் பதிவை முறைப்படி அனுப்பிவிட்டு, அலுவலகத்துக்குக் கிளம்பாமல் ஹாலில் காத்திருந்தார். எழுத்தாளர் சரணடைவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். முடிச்சு சார் வந்தார். உள்ளே நுழைந்து, செருப்பைக் கழற்றத் திரும்பினார். சட்டை முதுகில், நட்டநடுவே, இஸ்திரிப் பெட்டியின் அச்சு. பழுப்பு நிறத்தில், முனை மேல் நோக்கி, அச்சுப் பிழை எதுவும் இல்லாமல்.

"என்ன சார் இது?" என்றார் இவர்.

முடிச்சு சாரின் கண் கலங்கியிருந்தது. மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டிருக்கிறார். தேநீர் குடித்தவர் சாய்ந்த இடத்தில் கை நின்றுவிட்டது. புகை வந்த பிறகுதான் பெட்டியை எடுத்திருக்கிறார். எடுத்த கையோடு கணவரிடம் போய்க் கேட்டிருக்கிறார், கொன்றது அந்த அம்மாதானே என்று.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, என் கதையைப் பத்தி அவ கேட்ட முதல் கேள்வி சார் அது" என்றார் முடிச்சு சார். "நான் சொல்ல மாட்டேன்னுட்டேன். ராத்திரி சாப்பாடு போடலை. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தது தெரியுமா?"

"அது சரி சார், ஆனா கமாவெல்லாம் சொல்றாளே. கேட்டீங்களா?"

"கமா இருக்கட்டும்கிறா. அந்த இடத்துலதான் சட்டையைத் திருப்பிப் போடுறாளாம்."

"உங்க மழையை வெட்டிட்டா சார். மூணு பக்க மழை."

முடிச்சு சார் கொஞ்சம் தலையைக் குனிந்தார். "அது எனக்கே கொஞ்சம் அதிகமாத்தான் பட்டுது. ஆனா யாராவது சொல்லணும்ல?"

இவர் பொருளாதாரத்தின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். அது ஆடியது. வாக்கு வாக்குதான். முடிச்சு சார் வேறெங்கும் போவதாக இல்லை. எல்லா நாவல்களும் குரலில் வரும். குரல் மேடத்தினுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எழுத்தாளர் பெயருக்குக் கீழே அதே அளவு எழுத்தில் என் பெயர் வர வேண்டும் என்று யோசித்துச் சொன்னேன். கட்டிலுக்குக் கீழே இனி ஒரு துண்டுப் பிரசுரம்கூட வரக்கூடாது என்றும் யோசித்துச் சொன்னேன். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். என் கணவரை நான் குறைத்து எடை போட்டுவிட்டேன். பதிவுகள் வெளியாகி, யார் யாரோ இஸ்திரி போட்டுக்கொண்டும் காய் நறுக்கிக்கொண்டும் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்களில் சிலர் மழை என்ன ஆனது என்று பார்ப்பதற்காகவே அச்சுப் புத்தகத்தையும் வாங்கினார்கள். இவர் நெஞ்சு விரிந்தது. ஒரு நாள் நாற்காலியும் மேசையுமாக வந்து இறங்கினார்.

"அலுவலகத்தைக் காலி பண்ணிட்டேன்மா. வேலை எல்லாம் இங்கதானே நடக்குது? இனிமே வீட்லதான்."

எதைத் தடுக்க இத்தனை பாடுபட்டேனோ அது, நாற்காலியோடு ஹாலில் நின்றுகொண்டிருந்தது.

அன்று மதியமே டப்பாக்களைப் பார்வையிட்டார். குழாயைப் பற்றிக் கருத்துச் சொன்னார். தன்னை ஒலிப்பதிவு இயக்குநர் என்று சொல்லிக்கொண்டார். குக்கர் விசில் பதிவில் விழுகிறது, பக்கத்து வீட்டு மிக்ஸி விழுகிறது, தானே பீரோவைத் திறப்பதும் விழுகிறது என்று குற்றப்பத்திரிகை வாசித்துவிட்டு ஒரு சட்டம் போட்டார். உள் அறைக் கதவில் சிவப்புத் துண்டு தொங்கினால் பதிவு நடக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேசக்கூடாது. போன் எடுக்கக்கூடாது. நாற்காலியை இழுக்கக்கூடாது. எந்த டப்பாவையும் தொடக்கூடாது.

"யாருக்கும் விதிவிலக்கு கிடையாது" என்றார், விரலை ஆட்டி.

"உங்களுக்கும்?"

"இயக்குநர்தான் முதல்ல கடைப்பிடிக்கணும்."

சிஸ்டர் இருந்திருந்தால் இவரைக் கட்டி அணைத்திருப்பார். எழுந்துபோய், இருப்பதிலேயே பெரிய சிவப்புத் துண்டாகப் பார்த்து எடுத்து மாட்டினேன்.

இதை இந்த அறைக்குள் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலை நீட்டிக் கவிதைத் தொகுப்பின் மேல் வைத்திருக்கிறேன், நல்ல உயரம். வெளியே ஒரு சத்தம் இல்லை. சற்று முன் கதவு மெதுவாகத் திறந்து ஒரு கை மட்டும் உள்ளே வந்து, காபியை வைத்துவிட்டுப் போனது. சர்க்கரை சரியாக இருந்தது. சாப்பாட்டைப் பற்றிச் சைகையில் ஏதோ கேட்கிறார் போலிருக்கிறது. கதவிடுக்கில் ஐந்து விரல்கள் குவிந்து வாய்க்குப் போய்ப் போய் வருகின்றன. நான் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். கை உடனே பின்வாங்கிக்கொண்டது.

பாவம், முடிச்சு சாரின் கடைசி நாவலையும் நான் போன வாரமே படித்துப் பதிவு செய்து முடித்துவிட்டேன்.